பால் மறக்கடித்த நாள்

“ஏட்டி, ஒன் பாலு பச்சப்பாலுதான?”

தங்கத்தாய் ஒருநாள் ஜெய்னப்பிடம் இப்படிக் கேட்டாள். கேட்டவள் முகத்தில் கேலி இல்லை. சந்தேகம் தீரவேண்டுமே என்ற கவலைதான் இருந்தது.

அந்த வீட்டுச் சட்டம் அப்படி. எதிர்வீட்டு ஜெய்னப், கடையநல்லூரிலிருந்து சங்கரன்கோவிலுக்குப் பிழைக்கவந்த தறிக்காரர் முகம்மது மைதீனின் மனைவி. பெருநாளுக்கு அவள் கொடுக்கும் அரிசியும் தேங்காயும் பழமும் தங்கத்தாய் வீட்டுக்குள் வரும். அடுப்பில் ஏறி இறங்கிய எதுவும் வராது. தெரியாமல் வந்துவிட்டால் மாட்டுத்தொட்டிக்குப் போகும். தீபாவளிக்குத் தங்கத்தாய் சுட்டனுப்பும் முறுக்கை மட்டும் ஜெய்னப் வீட்டில் எல்லாரும் தின்னலாம்.

அன்று தங்கத்தாயின் பேரன் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மருமகள் கோமதித்தாய் பிள்ளைபெற்ற காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். அவள் மார் வற்றிப்போயிருந்தது. பசும்பால் பிள்ளையின் வயிற்றில் தங்கவில்லை. அது அழுவதைக்கூட நிறுத்திவிட்டது.

ஜெய்னப்பின் மடியில் அவள் மகள் ஆமினாள் பால் குடித்துக்கொண்டிருந்தாள். ஜெய்னப் ஒரு கணம் விழித்தாள்.

“பச்சதான் பெரியம்மா. பிள்ளையக் கொண்டாங்க,” என்றாள்.

தங்கத்தாயின் மாட்டுக்கொட்டிலில் மறைவாக வைத்து ஜெய்னப் பால் கொடுத்தாள். குடித்து முடித்ததும் அதன் வாயை மஞ்சள் தண்ணீரால் துடைத்த பிறகே தங்கத்தாய் வீட்டுக்குள் விட்டாள். ஒவ்வொரு தடவையும் துடைத்தாள். மார்கழிக் குளிரிலும் துடைத்தாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

கோமதித்தாய் எழுந்து நடமாடினாள். பால் மட்டும் திரும்பவில்லை. பிறகு அவளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்கு வந்தாள். சங்கரன் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஜெய்னப் அவனை, தகப்பனைக் கூப்பிடுவதுபோல், ‘வாப்பா’ என்றுதான் கூப்பிடுவாள்.

“என்னப் பாத்தா சிரிக்க மாட்டேங்கான்க்கா. ஒங்க வாசலப் பாத்தா மட்டும் காலக் கால ஆட்டுதான்,” என்பாள் கோமதித்தாய்.

“கடனுக்குச் சாப்பிடுத பயலுக்கு ஓட்டல்காரி மேல பிரியம் இருக்காதா?” என்பாள் ஜெய்னப். இரண்டு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் ஊர் அம்மனின் ஆடித்தபசுத் திருவிழாவும் நோன்பும் ஒரே மாதத்தில் வந்தன. இரண்டு பிள்ளைகள் குடிக்கிறதே என்று ஜெய்னப் நோன்பை விட்டிருந்தாள். விட்ட நோன்புகளைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம். தபசன்று சங்கரனுக்கு முடியிறக்கிக் காது குத்துவதாக ஏற்பாடு. தாய்மாமன் பெத்துராஜ் ராயகிரியிலிருந்து சீரோடு வருகிறான். அவனுக்கும் ஒரு பெண் பிறந்திருந்தது. அவள் சங்கரனுக்குத்தான் என்று சொல்லியும் வைத்திருந்தான்.

தபசுக்கு முந்தின நாள் தங்கத்தாய் சிரட்டையில் அரைத்த வேப்பிலையோடு கொட்டிலுக்கு வந்தாள்.

“இதத் தடவிக்கிட்டுப் பிள்ளைக்குக் குடு.”

ஜெய்னப்புக்கு விளங்கிவிட்டது. “நான் கடையநல்லூருக்குப் போயிருதேன் பெரியம்மா. விழா முடிஞ்சு வாரேன்.”

“நீ போனா தேடி அழுவான். ராயகிரிக்காரங்க முன்னால ஒன் வாசலப் பாத்துக் கைய நீட்டுனான்னா எங்க மானம் என்னத்துக்கு ஆகும்? அவன் ஒன்ன வெறுக்கணும்ட்டி. அதான் வேணும்.”

“என்னால முடியாது.”

“நீ குடியிருக்கது யாரு வீடு?”

ஜெய்னப் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். மைதீன் தறிக்குழியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

“சொன்னதச் செஞ்சிரு பிள்ள. போன வாரம் டீக்கடையில ஒருத்தன், ‘நீரு இன்னும் பாகிஸ்தானுக்குப் போகலையாவே’ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாவ. நானும் சேந்து சிரிச்சேன். இப்ப வீட்டக் காலிபண்ணச் சொன்னா வேற யாரு தருவா?”

அன்று சாயங்காலம் சங்கரன் வழக்கம்போல் இரண்டு கையாலும் அவள் சேலையை விலக்கிக்கொண்டு வாய் வைத்தான். முகம் கோணியது. வாயை எடுத்து அவளை நிமிர்ந்து பார்த்தான். ஏதோ தவறு நடந்துவிட்டது, இவள் சரிசெய்துவிடுவாள் என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. பிறகு அடுத்த மாருக்குத் தாவினான். அதுவும் கசந்தது. மறுபடி முதல் மாருக்கு வந்தான். கடைசியில் அவள் முகத்தில் ஓங்கி அடித்துவிட்டு வீறிட்டான்.

“போதும்,” என்று தங்கத்தாய் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். மஞ்சள் தண்ணீரும் தயாராக இருந்தது.

கோமதித்தாய் மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெய்னப் மூன்று தடவை கழுவினாள். அப்படியும் ஆமினாள் அன்றிரவு பால் குடிக்கவில்லை.

தபசன்று தெரு நிரம்பி வழிந்தது. அம்மனின் சப்பரத்தில் வீசுவதற்குப் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியும் மிளகாய் வத்தலுமாகச் சம்சாரிகள் போய்க்கொண்டிருந்தார்கள். கோவிலில் முடியிறக்கி, மொட்டைத்தலையில் சந்தனம் தடவிப் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். தங்கத்தாய் வீட்டு வாசல் பந்தலில் பெத்துராஜ் மடியில் வைத்து ஆசாரி காது குத்தினார். பிள்ளையின் அழுகை எதிர்வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்ற ஜெய்னப்பின் ரவிக்கையை நனைத்தது.

பெத்துராஜின் மனைவி மாரித்தாய்க்கு எங்கிருந்தோ சேதி எட்டியிருந்தது. “அத்தை, பஸ்ஸுல ஒருத்தி என்னமோ சொன்னா. துலுக்கவீட்டுப் பால்னு…”

“எவ சொன்னா?” தங்கத்தாய் பேரனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “ஏட்டி ஜெய்னப், இங்கன வா. எம் பேரன் மொட்டயப் பாரு.”

ஜெய்னப் வந்தாள். வராமல் இருக்க முடியாது. தங்கத்தாய் பிள்ளையை அவள் பக்கம் நீட்டினாள். சங்கரன் அவளைக் கண்டதும் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அலறினான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

“பாத்தியளா? இவ வாடையே அவனுக்கு ஆகாது. இவகிட்டயா பால் குடிச்சான்?”

பந்தலே சிரித்தது. “மாப்பிள்ள இப்பவே ஆளப் பாத்துத்தான் போறாரு,” என்றான் பெத்துராஜ்.

“பத்து மாசம் இவுகதான் பால் குடுத்தாவ.”

கோமதித்தாய்தான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. “நேத்து வேப்பில அரைச்சுத் தடவச் சொன்னது அத்தை.”

சிரிப்பு நின்றது. தங்கத்தாய் பதறவில்லை. “பிள்ளபெத்த காய்ச்ச இவளுக்கு மூளைக்கு ஏறிட்டு. குடும்பமாச்சேன்னு வெளிய சொல்லாம வச்சிருந்தேன். ஜெய்னப், நீயே சொல்லு. நோன்பு மாசம், ஒம் மக மேல ஆணையாச் சொல்லு. நீ குடுத்தியா?”

எதிர்வீட்டில் தறிச்சத்தம் நின்றது. மைதீன் வாசலுக்கு வந்து நின்றார். ஜெய்னப் அவரைப் பார்த்தாள். குடுத்தேன் என்றால் வீடு போகும். இல்லை என்றால் கோமதித்தாய் பைத்தியம் ஆவாள்.

“குடுத்தேன்,” என்றாள் ஜெய்னப். “எம் பால்தான் குடிச்சான்.”

கோமதித்தாய் மாமியாரின் இடுப்பிலிருந்து பிள்ளையை எடுத்தாள். ஊர் பார்க்க ஜெய்னப்பிடம் கொடுத்தாள். ஜெய்னப் கையேந்தி வாங்கினாள். பிள்ளை மாறவில்லை. அவள் கழுத்தைக் கையால் தள்ளிக்கொண்டு, தாயைத் தேடி அலறியது. கோமதித்தாய் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. காதின் புது ஓட்டையிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் ஜெய்னப்பின் தோளில் விழுந்திருந்தது.

“அண்ணே,” என்றாள் கோமதித்தாய்.

பெத்துராஜ் எழுந்தான். பிள்ளையை வைத்திருந்த மடித்துண்டை அவிழ்த்து நாற்காலியில் போட்டான். மாரித்தாய் சீர்த்தட்டுகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கினாள். பெட்டியை அவன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டான். தங்கையையும் பார்க்கவில்லை, பிள்ளையையும் பார்க்கவில்லை. பந்தலைவிட்டு இறங்கி, எதிரே வந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டான்.