ஏசுராஜ் விசாரித்த கிணறு

"பாதாளத்திலிருந்து சீறி வரும் வாயுவையே வாய்மூட வைத்த விஞ்ஞானியைப் பெற்றெடுத்த மாமனிதர் ஏசுராஜ் அவர்கள் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார் என்பதை உலகத்துக்கு அறிவிக்கிறேன்" என்று சபைச் செயலாளர் ஞானசீலன் மைக்கில் முழங்கினார். உலகம் என்பது அப்போது ஆம்பூர்க் கல்லறைத் தோட்டத்தில் வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்ற நாற்பது பேர்.

மாமனிதர் தோல் பதனிடும் ஷாப்பில், குரோம் உப்புத் தண்ணீரில் தோலைப் போட்டுச் சுற்றும் டிரம்மைப் பார்த்துக்கொண்டவர். பெட்டிக்குள் கோத்து வைத்திருந்த கைகளில் நகக்கண் மட்டும் இன்னும் நீலமாக இருந்தது. காலையில்தான் ரயிலிலிருந்து இறங்கிய விஞ்ஞானி வில்சன் அந்த நகங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா ஞானசுந்தரி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வந்ததிலிருந்தே பார்க்கவில்லை.

அவனுக்கு வேலை குஜராத்தில், எண்ணெய் வயலில். அங்கே ஒரு கிணற்றில் எண்ணெயை முந்திக்கொண்டு கேஸ் வந்தது. பாலிமரையும் குரோம் உப்பையும் தண்ணீரில் கரைத்து உள்ளே செலுத்தினால், அடியில் போய்க் கூழாக இறுகிக் கேஸ் வரும் இடுக்கை அடைத்துவிடும். இறுகும்வரை கிணற்றை மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டும். யோசனை வில்சனுடையது. போன லீவில் அவன் இதை விளக்கியபோது ஏசுராஜுக்குப் புரிந்த ஒரே வார்த்தை குரோம். அது போதுமானதாக இருந்தது. நம்ம குரோம்தான் அங்கேயும் வேலை செய்கிறது என்று ஷாப் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

கிணறு மூடியிருந்த நாட்களில்தான் அவர் நோயில் படுத்தார்.

மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது ஞானசுந்தரி வாயைத் திறந்தாள்.

"என் தந்தி என்னிக்குடா வந்துச்சு?"

"திங்கக்கெழமை."

"நைனா போனது புதன்."

அந்த முதல் தந்தியை அன்று வில்சன் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிணற்றுக்குக் காவல் இருந்தான். சாவுச் சேதியோடு இரண்டாவது தந்தி வந்த பிறகே, கிணற்றைத் திறக்குமுன், ரயிலேறினான்.

"உன்ன சொல்லி இன்னா. நைனாவே தந்தி வாணாம்னாரு. டிரம்மு சுத்தறப்ப நடுவுல தொறந்தா தோலு உள்ளாற பச்சையாவே நின்னுடும், அவன் முடிச்சிட்டு வரட்டும்னாரு. கடைசியா ஜெபம் பண்ண பாஸ்டர் வந்து நிக்கறாரு, அவருகிட்ட கேக்கறாரு, கேஸு நின்னுதான்னு."

வீட்டு வாசலில் ஷாப் கிளார்க் சைக்கிளோடு நின்றிருந்தார். குஜராத்திலிருந்து டிரங்க் கால், லைனில் இருக்கிறார்கள் என்றார்.

ஷாப் ஆபீஸ் அறையில் வில்சன், கிணற்றைத் திறந்த சேதியை நிறைய நேரம் கேட்டான், கொஞ்சம்தான் பேசினான். போனை வைத்துவிட்டு வெளியே வந்தபோது ஷாப் கேட்டருகே அக்கா நின்றிருந்தாள்.

"நின்னுடிச்சாடா?"

"கேஸ் நின்னுடிச்சிக்கா."

அப்போதுதான் அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு வீட்டுப் பக்கம் போகாமல் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் திரும்பி விறுவிறுவென்று நடந்தாள். ஈர மண்ணுக்குப் பக்கத்தில் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. சேதி எட்டியதும் ஞானசீலன் மைக்கைத் தேடினார். மைக் செட்காரர் கழற்றிக் கட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார்.

வில்சன் கேட்டருகிலேயே நின்றான். உள்ளே டிரம் சுற்றிக்கொண்டிருந்தது.

கிணற்றில் கேஸோடு எண்ணெயும் நின்றுவிட்டது.