நாற்பத்தேழாம் வருஷத்து முத்திரை

மாதத்தின் முதல் ஞாயிறு மதியம், ரோகோவா சுடுதளத்தை ஒட்டிய மதுக்கடையின் மாடியில் பழந்துப்பாக்கிச் சங்கம் கூடும். அந்த மாதம் யாருக்கு என்ன வாய்த்ததோ அதைப் பச்சைத் துணி விரித்த மேசையில் வைத்துக் காட்ட வேண்டும். பாராட்டும் கிடைக்கும், வாங்கிக் கட்டிக்கொள்ளவும் நேரும். அந்த ஞாயிறு வாங்கிக் கட்டிக்கொண்டவன் பஸ் டிரைவர் ஸ்திபோர்.

"பேரரசரோட மெய்க்காவல் படையில இருந்ததாம்," என்று கம்பளியைப் பிரித்து, நீளமான ஆஸ்திரியத் துப்பாக்கி ஒன்றை வெளியே எடுத்தான். "வித்தவரோட தாத்தா வியன்னா அரண்மனை வாசல்லயே நின்னவராம்."

"வாசல்ல நின்னது தாத்தா சரி. துப்பாக்கி எங்க நின்னுச்சு?" என்றார் சங்கத்தின் மூத்தவரான மெத்தோதெய்.

எல்லோரும் லிபுஷேயைப் பார்த்தார்கள். பால்பேரிங் தொழிற்சாலையின் அளவைச் சோதனை அறையில் முப்பத்திநாலு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள் அவள். இரும்பில் குத்திய முத்திரையைப் படிப்பதில் அந்த வட்டாரத்தில் அவளுக்கு நிகர் கிடையாது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உருப்பெருக்கிக் கண்ணாடியை ஒற்றைக் கண்ணில் பொருத்திக்கொண்டு துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"குழல் புடாபெஸ்ட்ல செஞ்சது. மரக்கட்டை வேற ஏதோ துப்பாக்கியோடது, நம்பர் ஒத்துப்போகல. அதையும் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு வார்னிஷ் அடிச்சிருக்காங்க." நிமிர்ந்து பார்த்தாள். "நீதானே?"

"கொஞ்சம் பளபளன்னு இருக்கட்டுமேன்னுதான்."

"நூறு வருஷத்து அழுக்கை அரை மணி நேரத்துல கழுவித் தொலைச்சிட்டியேடா," என்று மெத்தோதெய் தொடையில் தட்டிச் சிரித்தார். "துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதேன்னு இந்த மாடியில எத்தனை வருஷமா கத்திட்டிருக்கோம்."

சிரிப்பு அடங்கியதும் அவர் எழுந்து நின்றார். நகர அருங்காட்சியகத்தில் போர்க்கால எதிர்ப்புப் படைக்கென்று ஒரு அறை திறக்கப் போகிறார்கள், தன் அப்பாவின் துப்பாக்கியை அதற்குக் கொடுக்கச் சம்மதித்துவிட்டேன் என்றார். நிபுணர் ஒருவர் எழுதிய விவரத்தாள் மட்டும் வேண்டுமாம்.

"நீதான் எழுதணும், லிபுஷே."

அந்தத் துப்பாக்கியை அறியாதவர் அங்கே யாருமில்லை. மெத்தோதெய்க்கு இரண்டு வயதுகூட நிரம்பாதபோது, நாற்பத்தைந்தாம் வருஷம் மார்ச் மாதம், மர அறுவை ஆலைக்குப் பின்னால் ஜெர்மானியர்கள் அவர் அப்பா ஓந்த்ரெயைச் சுட்டுக் கொன்றார்கள். துப்பாக்கி மட்டும் தப்பியது. கம்யூனிஸ்டுகள் காலம் முழுக்க அது தேன்கூட்டுப் பெட்டிகளுக்கு அடியில் கிடந்தது. பிறகு உரிமமில்லாத துப்பாக்கிகளுக்கு அரசாங்கம் பொது மன்னிப்பு அறிவித்தபோது அவரே காவல் நிலையத்துக்கு எடுத்துப்போய் உரிமம் வாங்கினார். ஒவ்வொரு மார்ச்சிலும் அதை மேசையில் வைப்பார். தொட்டுப் பார்க்க விடுவார், திருகாணியில் கை வைக்க விடமாட்டார். மேல்பக்கத்து முத்திரை அரத்தால் ராவப்பட்டிருந்தது. யாரிடமிருந்து பறித்தது என்று தெரியாமல் இருக்க அப்பாவே ராவினார் என்பார். காரணம் பொருத்தமாகத்தான் இருந்தது. யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவர் துப்பாக்கியோடு லிபுஷேயின் வீட்டுக்கு வந்தார். அவள் மேசையில் ஃப்ளானல் துணி விரித்து, திருப்புளிகளை வரிசையாக எடுத்து வைத்தாள்.

"கழட்டணுமா?"

"கழட்டாம எழுதினா அது விவரத்தாள் இல்ல, வாழ்த்து மடல்."

"சரி. நான் பாக்க மாட்டேன். ஆபரேஷன் தியேட்டர்ல நிக்கிற மாதிரி இருக்கு." தொப்பியை மாட்டிக்கொண்டு ரொட்டிக்கடைக்குக் கிளம்பிவிட்டார்.

கழற்றப்பட்டு வெகுநாளான திருகாணிகள் முனகிக்கொண்டு வந்தன. குழலை மரத்திலிருந்து மெல்லத் தூக்கிக் கவிழ்த்தாள். அடிப்பக்கத்துக்கு அரம் எட்டியிருக்கவில்லை. நேற்றுக் குத்தியதுபோல் அரசுச் சோதனை முத்திரையான குட்டிச் சிங்கம், அதை அடுத்து வருஷத்தைக் குறிக்கும் இரண்டு எண்கள்: 47.

குழலைப் பிற்பாடு மாற்றியிருக்கலாம் என்று முதலில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குழல் திருகியிருந்த உடற்பகுதியைத் துடைத்துப் பார்த்தாள். அதிலும் அதே சிங்கம், அதே 47. வரிசை எண்ணும் ஒன்றேதான். கட்டையின் உட்குழிவில் பென்சிலால் யாரோ அதே எண்ணை எழுதியிருந்தார்கள். ஒரே பிரசவத்தில் பிறந்த துப்பாக்கி, சந்தேகத்துக்கு இடமில்லை. ஓந்த்ரெய் செத்து இரண்டு வருஷம் கழித்துப் பிறந்த துப்பாக்கி.

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரொட்டிக்கடைக்குப் போய்வர இருபது நிமிஷம். திரும்பப் பூட்டிவிட்டு, மேலே தெரிவதை மட்டும் எழுதினால் யாருக்கும் தெரியப் போவதில்லை. கிழவர் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று அழுதுவிட்டு நிம்மதியாகப் போய்ச் சேருவார். அருங்காட்சியகத்துக்கும் சந்தோஷம். தொழிற்சாலையில் ஒரே ஒரு தடவை, மேஸ்திரியின் நச்சரிப்புத் தாங்காமல், அளவு தப்பிய வளையங்கள் ஒரு பெட்டியைத் தேறியதாக எழுதி அனுப்பியிருக்கிறாள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனாலும் இருபத்தைந்து வருஷமாக அந்தப் பெட்டி அவள் நெஞ்சிலிருந்து இறங்கவில்லை.

வாசல் கதவு திறந்தது. பேரிக்காய் ரொட்டியின் மணம் உள்ளே வந்தது.

"உக்காருங்க," என்றாள். "குழலோட அடிப்பக்கத்தை நீங்களே பாருங்க."

அவர் பார்க்கவில்லை. அவள் சொன்னதை மட்டும் கேட்டார். முகத்தில் ரத்தம் ஏறியது.

"உன் கண்ணாடியை மாத்து."

"கண்ணாடியில கோளாறு இல்ல."

"ரிப்பேர்ல மாத்தியிருப்பாங்க."

"மூணு இடத்துல ஒரே நம்பர். இது முழுசா ஒரே துப்பாக்கி, மெத்தோதெய். உங்க அப்பாவால இதைத் தொட்டிருக்கவே முடியாது."

"அப்ப எங்கம்மா பொய் சொன்னாளா? நான் ஐம்பது வருஷமா பொய் சொல்லிட்டு இருந்தேனா?"

பூட்டித் தரச் சொன்னார். அவள் பூட்டி முடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். ரொட்டியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அடுத்த மாத ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. அருங்காட்சியகத்துப் பெண் தொலைபேசியில் அழைத்தாள்: "அவர் போனையே எடுக்க மாட்டேங்கறார். ஏதாவது பிரச்சனையா?" அவரையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று லிபுஷே வைத்துவிட்டாள். சங்கத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஸ்திபோருக்குத்தான் பொறுக்கவில்லை. "நான் தாத்தா கதையை வாங்கிட்டு வந்ததுல கோவிச்சுட்டாரா? வேணும்னா அந்த வார்னிஷைச் சுரண்டிடறேன்," என்றான். யாரும் சிரிக்கவில்லை. தான் செய்தது சரிதான் என்று லிபுஷேக்குத் தெரியும். சரியைச் செய்தவளுக்கு ஏன் சோறு இறங்கவில்லை என்பதுதான் புரியவில்லை.

ஜூன் மாதத்தில் ஒருநாள் அவர் சொல்லாமல் வந்து நின்றார், தோளில் துப்பாக்கியுடன்.

"கழட்டு. இந்தத் தடவை நான் இங்கயே இருக்கேன்."

கழற்றினாள். அவர் உருப்பெருக்கியை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு விரல் நுனியால் அந்த இரண்டு எண்களைத் தடவினார்.

"லோய்ஸாவைப் பத்தி உன்கிட்ட சொன்னதே இல்லைல்ல?"

"யாரு அது?"

"எங்கம்மாவோட ரெண்டாவது புருஷன். அலோயிஸ். எனக்கு அஞ்சு வயசுல வீட்டுக்கு வந்தான். சின்ன வாய், பெரிய காது. நாள் பூரா நாலு வார்த்தை பேசினா அதிகம். அப்பான்னு ஒரு தடவைகூட நான் கூப்பிட்டதில்ல. பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். எங்கப்பா காட்டுல சண்டை போட்டுச் செத்தாரு, நீ அப்ப எங்கடா இருந்தேன்னு அவன் மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கேன். பன்னெண்டு வயசுல."

"என்ன சொன்னாரு?"

"எழுந்து போய் விறகு பிளந்தான்." அவர் குழலைத் துணிமேல் வைத்தார். "அதுக்கு அடுத்த வாரம் நான் வீட்டை விட்டு ஓடிட்டேன். ரயில்வே ஸ்டேஷன்ல புடிச்சுக் கொண்டாந்தாங்க. அதுக்கப்புறம் வந்த என் பொறந்தநாள்லதான் லோய்ஸா என்னைக் கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போய் இதைக் காட்டினான். உங்கப்பாவோடது, இத்தனை நாளா ஒளிச்சு வெச்சிருந்தோம், யார்கிட்டயும் சொல்லாதேன்னான். அம்மா வாசல்ல நின்னுட்டிருந்தா. ஒண்ணும் சொல்லல."

லிபுஷே கேட்க வேண்டியதைக் கேட்டாள். "அவர் எங்க வேலை பார்த்தாரு?"

"துப்பாக்கித் தொழிற்சாலையில. குழல் நேராக்கற பிரிவு. படையிலிருந்து ரிப்பேருக்குத் திரும்பி வர்ற பழைய துப்பாக்கியும் அங்கதான் வரும்."

லிபுஷே குழலைக் கவிழ்த்து அந்த முத்திரையை மறுபடி பார்த்தாள்.

"ரெண்டு மாசமா இதே யோசனை," என்றார். "நான் ஓடிப்போனேனே, அந்தக் குளிர்காலத்துல ஒரு சாயங்காலம் லோய்ஸா ஒரு காலை மடக்காம விறைப்பா நடந்து வந்தான். குடிச்சிட்டு விழுந்துட்டான்னு நினைச்சு, அவன் பின்னாலேயே அதே மாதிரி நடந்து காட்டித் தெருப் பசங்களைச் சிரிக்க வெச்சேன். அவன் திரும்பிக்கூடப் பாக்கல." கையால் குழலின் நீளத்தை அளந்து, தன் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை வைத்துக் காட்டினார். "அந்தக் காலத்துல மாட்டியிருந்தா பத்து வருஷம் யுரேனியச் சுரங்கத்துல கைதி வேலை. தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்ப அவன் கால்சட்டைக்குள்ள இருந்தது இதுதானா? சொல்லு. நீ சொன்னா ஒத்துக்கறேன்."

ஆம் என்று சொல்ல அவளுக்கு எவ்வளவோ ஆசை. அந்தக் கிழ முகம் அதைத்தான் கெஞ்சியது.

"எனக்குத் தெரியாது, மெத்தோதெய். நாற்பத்தேழுல செஞ்சது. மேல்முத்திரையை யாரோ பொறுமையா, தொழில் தெரிஞ்ச கையால ராவியிருக்காங்க. அவ்வளவுதான் இரும்பு சொல்லுது. உங்க லோய்ஸா காலைப் பத்தி அதுக்குத் தெரியாது."

திட்டப் போகிறார் என்று எதிர்பார்த்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"சரிதான். நானும் கதையைத்தான் வாங்கினேன். மறுபடியும் ஒண்ணு வாங்கப் பாக்கறேன்." மூக்கை உறிஞ்சினார். "ஆனா இந்தத் தடவை அதை எனக்கு யாரும் விக்கல. நானே பார்த்தது."

அருங்காட்சியகத்துக்கு அவரே போய் நடந்ததைச் சொன்னார். வேண்டுமானால் 'குடும்ப வழக்குப்படி' என்று எழுதி வைத்துவிடலாம் என்றாளாம் அந்தப் பெண். வேண்டாம் என்று மறுத்துவிட்டு, ஓந்த்ரெயின் ஒரே புகைப்படத்தையும் காட்டிலிருந்து அம்மாவுக்கு எழுதிய துண்டுக் கடிதத்தையும் கொடுத்து வந்தார். அப்பாவை அவர் கைவிடவில்லை. துப்பாக்கியை மட்டும் அப்பாவின் கதையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

ஜூலை மாத ஞாயிறு, கூட்டத்துக்கு முன்பாக, லிபுஷேயைச் சுடுதளத்துக்கு வரச் சொன்னார். பொருளைப் புனிதமாக வைத்திருந்ததால் ஒரு தோட்டாகூட அதில் சுட்டதில்லை என்று அப்போதுதான் சொன்னார். அவள் தோட்டா பூட்டும் அறையை அளந்து பார்த்து, குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்துச் சரி என்றாள். சங்கத்தார் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள். அதற்குள் விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவரே ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லியிருந்தார், தண்டனை அனுபவிப்பவர்போல.

"குறிப்பலகை நேரா இருக்கு, பெரியவரே," என்றான் ஸ்திபோர். "இடது பக்கம் தெரியறது மாடு. அதைச் சுட்டுடாதீங்க."

"வாயை மூடுடா, வார்னிஷ்காரா."

ஐந்து முறை சுட்டார். ஒவ்வொரு முறையும் தோட்டா ஏற்றும் போல்டைத் திறந்து மூடுவதற்குள் மூச்சு வாங்கியது. பலகையைக் கொண்டுவந்தபோது நான்கு ஓட்டைகள் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் இருந்தன. ஐந்தாவது ஓரத்தில்.

"அந்த ஓரத்துது நான்," என்றார் மெத்தோதெய். "என் கை ஆடிருச்சு. மத்ததெல்லாம் குழலா, லிபுஷே? உண்மையைச் சொல்லு."

"குழல் நேரா இருக்கு. அறுபத்தஞ்சு வருஷமா நேரா இருக்கு. நல்ல கை நேராக்கியிருக்கு. அதை வேணா கையெழுத்துப் போட்டே தரேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு துப்பாக்கியின் வாரைச் சரிசெய்தார். அவசியமில்லாத வேலைதான். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"இனிமே லோய்ஸாவை அப்பான்னு சொல்லுவீங்களா?" என்று ஸ்திபோர் கேட்டே விட்டான். லிபுஷே அவனை முறைத்தாள்.

"எதுக்கு? செத்து நாற்பது வருஷம் ஆச்சு. திடீர்னு கூப்பிட்டா யாரையோன்னு நினைச்சுத் திரும்ப மாட்டான்," என்றார். "லோய்ஸாதான். ஆனா அந்தப் பேரை இனிமே ஒழுங்கா சொல்லுவேன்."

குழலைத் துடைப்பது எப்படி என்று அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அங்கேயே உட்கார்ந்து, துணி வெள்ளையாக வரும்வரை எண்ணெய் விட்டுத் துடைத்தார். பிறகு எல்லோரும் மாடிக்குப் போனார்கள். அன்று பூண்டு சூப். மெத்தோதெய் இரண்டு கிண்ணம் வாங்கிக் குடித்தார்.