மூன்றாவது குப்பி

அண்ணிக்காரி ஆய்வுக்கூடத்துக்குத் தலைவி, நாத்தனார்க்காரி அங்கே வேலை கேட்டு வந்தவள். இப்படியொரு கூத்து எந்த வீட்டிலாவது நடக்குமா? இந்த வீட்டில் நடந்தது.

அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில் அவள் போட்ட காப்பியை நாத்தனார் வாய்க்கு வந்தபடி குறை சொல்லியிருக்கிறாள். அதெல்லாம் அண்ணி மறந்திருப்பாளா என்று இப்போது கவலைப்பட்டாள். இந்த வேலையும் கை நழுவினால், படித்த வேதியியலை மூட்டை கட்டிவிட்டுச் சித்தப்பாவின் துணிக்கடைக் கல்லாவில் உட்கார வேண்டியதுதான். வீட்டில் அப்படித்தான் முடிவாகியிருந்தது.

மேசையில் பெயர் ஒட்டாத மூன்று குப்பிகள். மூன்றிலும் இருப்பது புரோமோபியூட்டேன் என்றாள் அண்ணி, முன்பின் தெரியாதவளிடம் பேசுவதுபோல. நான்கு கார்பன் வரிசையாக நிற்க, அதில் ஒன்றின்மேல் ஒரு புரோமின். ஒவ்வொரு குப்பியிலும் அது எத்தனையாவது கார்பனில் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

ஒன்று, இரண்டு, மூன்று. இது என்ன பிரமாதம் என்றுதான் நாத்தனார் தொடங்கினாள். கொதிக்க வைத்தால் முதல் குப்பி நூற்றொரு டிகிரி, இரண்டாவது தொண்ணூற்றொன்று. மூன்றாவதும் தொண்ணூற்றொன்று! எங்கேயோ கை தவறிவிட்டது என்று மறுபடி செய்தாள். அதே கதை. ஆல்கஹாலில் கரைத்த சில்வர் நைட்ரேட்டை விட்டுப் பார்த்தாள். இரண்டாவதும் மூன்றாவதும் சொல்லிவைத்தாற்போல ஒன்றாகக் கலங்கின, முதலாவது ஆடி அசைந்து பிறகு கலங்கியது.

அதே வேலைக்குப் பரீட்சை எழுத வந்திருந்த கண்ணாடிக்காரர் ஒன்று, இரண்டு, மூன்று என்று மளமளவென எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே போனார். பாவி, காப்பிக்குப் பழி வாங்குகிறாளே என்று நாத்தனார் அண்ணியை மனதுக்குள் வறுத்தெடுத்தாள்.

வியர்த்துக் கொட்டியது. மூன்றாவது கார்பனில் புரோமினை வரைந்து வைத்திருந்த தாளையே எடுத்து விசிறிக்கொண்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் மை பின்பக்கம் தெரிந்தது. அங்கே புரோமின் இரண்டாவது கார்பனில் உட்கார்ந்திருந்தது. அட, மக்குப் பிண்டமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

தன் அறைக்கு அழைத்து விடை கேட்டாள் அண்ணி.

"முதல் குப்பியில ஒண்ணாவது இடம் மேடம். மத்த ரெண்டும் ஒரே சரக்கு. இந்தப் பக்கம் எண்ணினா மூணு, அந்தப் பக்கம் எண்ணினா ரெண்டு. சின்ன எண்தான் கணக்கு. மூணுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது."

அண்ணி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"வேணும்னுதான் வச்சேன். லேசா ஒரு பரீட்சை வச்சு உன்னை எடுத்தா, அண்ணி தயவுல வந்தவன்னு காலம் பூரா சொல்லுவாங்க. இனி எவன் வாயைத் திறப்பான்? திங்கட்கிழமை வந்து சேர்ந்துடு."

நாத்தனாருக்கு வெட்கமாகவும் இருந்தது, அந்தக் கணம் அண்ணியைக் கட்டிக்கொள்ளலாம்போலவும் இருந்தது.

"உங்களை மனசுக்குள்ள என்னென்னவோ திட்டிட்டேன் அண்ணி."

"அதான் மூஞ்சியிலயே தெரிஞ்சுதே. வெளிய போறப்பவும் அதே மூஞ்சியோட போ. அப்பத்தான் எல்லாரும் நம்புவாங்க."

நாத்தனாரும் கதவருகே நின்று எவ்வளவோ முயன்று பார்த்தாள். அந்த மூஞ்சி வரவே இல்லை.