செம்மண் கசிவு

கரையின் அடியில் கோரை முளைத்திருந்த இடத்தில் வித்யா குந்தி உட்கார்ந்து, கண்ணாடிக் குப்பியைச் சாய்த்துத் தண்ணீர் பிடித்தாள். பங்குனி வெயில். சுற்றியிருந்த மானாவாரிக் காடெல்லாம் காய்ந்து கிடக்க, அந்த இடம் மட்டும் பச்சையாக இருந்தது. குப்பியை அசையாமல் மண்ணில் வைத்துக் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அடியில் மெல்லிய சிவப்பு படிந்தது. கரைக்கு அந்தப்புறம் குட்டையில் தேங்கிக் கிடக்கும் சகதி வெள்ளை நிறம். கரையைப் போட்ட மண்தான் சிவப்பு. குட்டைத் தண்ணீர் கரைக்குள் புகுந்து வெளியே வருவதோடு நிற்கவில்லை, வரும் வழியில் கரையையே கொஞ்சம் கொஞ்சமாக அரித்து எடுத்துக்கொண்டு வருகிறது. பாடப் புத்தகத்திலிருந்து அவளே மாணவர்களுக்கு எத்தனையோ முறை நடத்தியதுதான். கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

ஊஞ்சக்காட்டுவலசு என்ற ஊருக்கு மேற்கே கரட்டுக் குன்றை ஒட்டி இருந்தது அந்த ஆலை. கல்லை அரைத்துக் கழுவி, தரை ஓடு செய்கிறவர்களுக்கு மாவாக அனுப்பும் தனியார் ஆலை. கழுவி மிஞ்சும் சகதியைத் தேக்க மண்ணைக் கொட்டி ஒரு கரை எழுப்பியிருந்தார்கள். முதலில் இருபதடி. இடம் போதாமல் போனபோதெல்லாம் அதன் தலையிலேயே இன்னும் மண்ணைக் கொட்டி, பதினோரு வருடத்தில் அறுபதடி ஆகியிருந்தது. ஊரில் அதற்குச் சுண்ணாம்புக்குட்டை என்று பெயர். ஆலைக் காகிதங்களில் டெய்லிங்ஸ் டேம், அதாவது கழிவுச் சகதி அணை. வருடத்துக்கு ஒருமுறை வெளியார் வந்து பார்த்துப் பாதுகாப்புச் சான்று தர வேண்டும் என்று அனுமதி ஆணையில் ஒரு நிபந்தனை உண்டு. அந்த வெளியாரை ஆலையே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். திருச்செங்கோட்டுப் பக்கம் வித்யா வேலை பார்த்த பொறியியல் கல்லூரியை அவர்கள் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

ஆலை மேலாளர் குணசீலன் கரைக்கு மேலே காரில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தார். கீழே இறங்கி வந்தது வித்யா மட்டுந்தான். பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு பெண், எருமையை இழுத்துக் கட்டிவிட்டு வேகமாக வந்தாள். ஐம்பது வயது இருக்கும். மாரக்காள் என்று பெயர் சொன்னாள். ஒன்றரை ஏக்கர் காடும், இரண்டு எருமையும், கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓட்டு வீடும் அவளுக்கு. புருஷன் போர்வெல் வண்டியில் சத்தீஸ்கர் பக்கம் போய்விட்டான், வருடத்துக்கு இரண்டு தடவை வருவான்.

"ஏனுங்க அம்மிணி, கவுருமெண்டுங்களா?"

"இல்லைங்க. காலேஜு. கரைய டெஸ்ட் பண்ண வந்திருக்கேன்."

"அப்பாடா, ஒருத்தராச்சும் கீழ எறங்குனீங்களே. வாரவிய எல்லாம் மேலயே நின்னு போட்டா புடிச்சுக்கிட்டுப் போயர்றாங்க." குப்பியைக் காட்டினாள். "முந்தியெல்லாம் கண்ணாடியாட்ட வந்துதுங்க இது. எருமைக்கே காட்டுவேன். தை மாசத்துல இருந்து டீத்தண்ணியாட்ட வருது. எருமை மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது."

வித்யா அதையும் நோட்டில் குறித்துக்கொண்டாள். தையிலிருந்து நிறம் மாற்றம். பிறகு, மறுபடி ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் என்று, அவளுடைய செல் நம்பரை வாங்கிப் போனில் பதிந்துகொண்டாள். மாரக்காள் ஒவ்வொரு எண்ணாக, தவறிவிடாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"ஏதாச்சும்னா சொல்லிப்போடுவீங்கல்ல சாமி?"

"சொல்றேங்க," என்றாள் வித்யா. அந்த நேரத்தில் அது பொய்யில்லை.

அன்று எழுதிய அறிக்கை ஆறு பக்கம். கரையடியில் செம்மண் கலந்த கசிவு இருக்கிறது, உள்ளரிப்பு தொடங்கிவிட்டது, குட்டைக்குச் சகதி விடுவதை உடனே நிறுத்த வேண்டும், கரைக்குக் கீழே குடியிருப்பவர்களை மழைக்கு முன்னால் இடம் மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தாள். துறைத்தலைவர் சபரிநாதனுக்கு மெயிலில் அனுப்பினாள். அவர்தான் அவளுடைய ஆராய்ச்சிப் படிப்புக்கும் வழிகாட்டி. ஐந்து வருடமாக எழுதிய ஆய்வேடு அவர் மேஜையில் இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். கோபமில்லை. டீ வரவழைத்தார்.

"ஏம்மா வித்யா, நீ எழுதுனது தப்புன்னு நான் சொல்லலை. ஒரே ஒரு குப்பித் தண்ணிய வெச்சுக்கிட்டு உள்ளரிப்புன்னு எழுதீட்டா, நாளைக்கு நம்மளால நிரூபிக்க முடியுமா? பக்கத்துக் காட்டு மண்ணு விழுந்திருக்கலாமில்ல? 'கரையடியில் ஈரப்பதம் காணப்படுகிறது. தொடர்ந்து கண்காணிக்கலாம்.' இப்படிப் போட்டா போதும். அடுத்த வருஷமும் நாமதான போகப் போறோம். அப்ப இன்னும் டீப்பா பாத்துக்கலாம்."

அடுத்த வருஷம் என்பது ஆறுதலாக இருந்தது. அதை அவள் பிடித்துக்கொண்டாள். அவர் சொன்னதில் ஒரு நியாயமும் இருப்பதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கரைக்குள் துளை போட்டு மாதிரி எடுக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாதுதான். துளை போட ஆலை ஒப்புக்கொள்ளாது என்பதைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. அவர் திருத்திய அறிக்கை நான்கு பக்கமாக வந்தது. செம்மண் என்ற சொல் அதில் எங்குமே இல்லை. வித்யா கையெழுத்துப் போட்டாள். சித்திரையில் சபரிநாதன் அவளுடைய ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மூன்று தடவை போனில் மாரக்காளின் பெயர் வரைக்கும் போயிருக்கிறாள். கூப்பிட்டு என்ன சொல்வது? கரை நல்லாயிருக்கிறது என்றா, இல்லை என்றா? ஒன்று பொய், இன்னொன்று தன் கையெழுத்துக்கே எதிராகப் போகும். போனை வைத்துவிடுவாள்.

ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. ஐந்தாம் நாள் காலை பால் கறக்கிற நேரத்தில், கோரை முளைத்திருந்த அந்த இடத்துக்கு நேர் மேலே கரை உட்கார்ந்து, பிளந்து, வெள்ளைச் சகதி இறங்கியது. சாலையில் போன லாரிக்காரர் ஒருவர் பார்த்ததாகச் சொன்னார். மாரக்காள் வீட்டைவிட்டு வெளியே ஓடி வந்துவிட்டாளாம். பிறகு எருமைகளை அவிழ்த்துவிடக் கட்டுத்தரைக்குத் திரும்பி ஓடினாளாம். மூன்றாம் நாள்தான் அவளைத் தோண்டி எடுத்தார்கள்.

அரசு விசாரணை கார்த்திகையில், கலெக்டர் அலுவலகத்தில் நடந்தது. வித்யாவுக்கும் அழைப்பு வந்தது. முந்தைய நாள் சபரிநாதன் போன் செய்து, "அறிக்கையில இருக்கறத மட்டும் சொல்லு, அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்," என்றார். வராந்தாவில் நீளமான பெஞ்சு. அவளுக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டியும், கழுத்துப் பட்டி கறுத்த சட்டையுமாக ஒருவர். இரும்புக் குழாய் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கைகள். அவராகவே பேச ஆரம்பித்தார். பெயர் கருப்பண்ணன். மாரக்காளின் புருஷன்.

"போனு வந்தப்ப நான் ராய்ப்பூருக்கு அந்தாண்ட இருந்தனுங்க. ரயிலேறிச் சேலம் வந்து சேர ரெண்டு நாளாச்சு. சித்திரையில ஒருக்கா கேட்டேனுங்க, எருமைய ஓட்டிக்கிட்டு ஒந்தங்கச்சி ஊட்டுக்குப் போயிரேன்னு. அவதான் மாட்டேன்னுட்டா. காலேஜுல இருந்து ஒரு அம்மிணி வந்து பாட்டல்ல தண்ணி புடிச்சுக்கிட்டுப் போயிருக்குது, என்ற நம்பரையும் வாங்கீட்டுப் போயிருக்குது, ஏதாச்சும்னா அது கூப்புட்டுச் சொல்லும்னா. அப்பறம் நான் பேசறப்பெல்லாம் கேப்பனுங்க, அந்தம்மிணி கூப்புட்டுச்சான்னு. இல்லைன்னுதான் சொல்லுவா. கூப்புடுலைன்னா நல்லாயிருக்குதுன்னுதானுங்களே அர்த்தம்?"

வித்யா மடியிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தாள். அதற்குள் உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கரையடியில் அன்று போனில் எடுத்த குப்பியின் படத்தைக் காட்டினாள். ஆறு பக்க அறிக்கையையும், அதை அனுப்பிய மெயிலின் தேதியையும் காட்டினாள். அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு நான்கு பக்க அறிக்கையை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க சார்."

"யாராவது மெரட்டுனாங்களா?"

"இல்லைங்க சார்."

"தெரிஞ்சேதான் போட்டீங்க."

"ஆமாங்க சார்."

"எங்ககிட்ட மாவட்டம் பூராவுக்கும் ரெண்டே இஞ்சினியருங்கம்மா. கரை தனியாரோடது, எடம் அவங்களோடது. நீங்க சான்று குடுத்தீங்க, நாங்க பைல்ல வெச்சோம். நாங்க வேற எதை நம்பறது?" குரலில் எரிச்சல்கூட இல்லை. பக்கத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவரிடம் சொன்னார்: "ஆய்வாளர் அபாயத்தை முன்கூட்டியே அறிந்திருந்தும் தெரிவிக்கவில்லை. அப்படிப் போடுங்க."

வித்யா வெளியே வந்தாள். அவ்வளவு நேரமும் கதவு திறந்தேதான் இருந்திருக்கிறது. கருப்பண்ணன் பெஞ்சில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல், தன் கைகளைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அவ நம்பரு இன்னும் ஒங்க போன்ல இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

தலையை ஆட்டிக்கொண்டார். எழுந்து, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அதற்குப் பின் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. கல்லூரி அவளை நீக்கியது. அனுபவமில்லாத ஓர் ஆசிரியர் துறைக்குத் தெரியாமல் உண்மையை மறைத்துவிட்டார் என்று சபரிநாதன் எழுதிக் கொடுத்தார். அவளுடைய மெயில் தன் பார்வைக்கு வரவேயில்லை என்றார். மழையின் அளவு எதிர்பாராதது என்று ஆலை சொன்னதை விசாரணை அறிக்கை ஏற்றுக்கொண்டது. தை முடிவதற்குள் ஆலைக்கு மறுபடி அனுமதி கிடைத்தது. இந்தத் தடவை ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வேறொரு கல்லூரி வந்து மிஞ்சிய கரையைப் பார்த்துவிட்டுப் போனது. ஒருவரும் கரையடிக்கு இறங்கவில்லை என்று வித்யாவிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாசியில் ஒருநாள் பஸ் ஏறி ஊஞ்சக்காட்டுவலசுக்குப் போனாள். மன்னிப்புக் கேட்கும் தைரியத்தில் கிளம்பியிருந்தாள். ஊர் விலக்கில் இறங்கி நடந்தபோதே அந்தத் தைரியம் போய்விட்டது. சகதி காய்ந்து பாளம் பாளமாக வெடித்து, கண் கூசும் வெள்ளையாகக் கிடந்தது. எது காடு, எது வரப்பு, எது கிணறு என்று தெரியவில்லை. நடுவில் ஒரு பனைமரம் பாதி புதைந்து நின்றது. அதன் பக்கத்தில் கருப்பண்ணன் கடப்பாரையோடு நின்றிருந்தார். சற்றுத் தள்ளி, சிவப்புத் துணி கட்டிய முளைகள் வரிசையாக அடிக்கப்பட்டிருந்தன.

அவளைக் கண்டதும் அவர் கடப்பாரையை ஊன்றி முளைகளைக் காட்டினார்.

"புதுக் கரைக்கு அளந்து முளையடிச்சிருக்கறாங்க," என்றார், வேறு யாரிடமோ சொல்வதைப் போல. "என்ற காட்டுக்குள்ளாற வந்திருச்சாட்ட இருக்குது. அத்துக்கல்லு கெடைச்சாத்தான் எல்லையக் காட்டிக் கேக்க முடியும். இந்தப் பனையில இருந்து நேர் கெழக்கால நூத்திப் பத்தடி. எங்கப்பன் சொன்ன கணக்கு."

கீழே கிடந்த, நூற்றுப்பத்தடிக்கு அளந்து வெட்டிய கயிற்றின் நுனியை எடுத்து நீட்டினார். "இதைப் புடிச்சுக்கறீங்களா? ஒண்டியா அளந்தா கோணிக்குது."

வித்யா வாங்கி, பனையின்மேல் வைத்து இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டாள். அவர் மறுநுனியோடு கிழக்கே நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் வெள்ளைப் பாளம் நொறுங்கியது. கயிறு மெல்ல மண்ணை விட்டு எழும்பி நேராகி, அவள் விரல்களை வெட்டும்படி இறுகியது. அவர் நின்று கடப்பாரையை ஓங்கிக் குத்தினார். கல்லில் மோதும் சத்தமே இல்லாமல் பாதிக்கு மேல் உள்ளே போனது. பிடுங்கினார். ஓர் அடி தள்ளிக் குத்தினார். அதுவும் உள்ளே போனது. மறுபடி பிடுங்கி, இன்னும் ஓர் அடி தள்ளி நின்றார்.