பம்பரில் விழுந்த டொக்கு

சாமுண்டீஸ்வரி கார் ஓட்டத் தொடங்கிய ஒன்பதாம் நாள் முகப்பேரில் அது நடந்தது. பிசியோதெரபி முடிந்து கணவர் கன்னியப்பனை ஏற்றிக்கொண்டு ரிவர்ஸ் எடுத்தாள். பின்னால் ஒரு சிமெண்டுத் தூண் நின்றதை அவள் கவனிக்கவில்லை. சத்தம் கேட்ட பிறகுதான் பிரேக்கை மிதித்தாள். இறங்கிப் பார்த்தால், பின் பம்பரின் இடது மூலை தோசைக்கல் அகலத்துக்கு உள்ளே போயிருந்தது.

டொக்கை விட, கன்னியப்பன் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்ததுதான் அவளை வாட்டியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தாறு வருஷம் கம்பெனி வண்டி ஓட்டியவர். ஒரு கீறல் கிடையாது. சொந்தமாக ஒரு பழைய காரை வாங்கிய பிறகு, அதன்மேல் யாராவது சாய்ந்து நின்றால்கூட ரெண்டு வார்த்தை கேட்காமல் விடமாட்டார். ஐந்து மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. கால் ஓரளவு தேறிவிட்டது. வலது கை மட்டும் தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் அசையும், அவ்வளவுதான். கிள்ளினாலும் தெரியாது. மெலிந்தும் போயிருந்தது. அதோடு பேச்சும் குறைந்தது. பேச்சில் எந்தக் கோளாறும் இல்லை என்றார் டாக்டர். இவர்தான் பேசுவதில்லை.

அவரை வாரம் மூன்று நாள் ஆட்டோவில் குலுக்கிக்கொண்டு போக மனமில்லாமல்தான், ஐம்பத்தொரு வயதில் வேலப்பன்சாவடிக்குப் போய் அவள் டிரைவிங் பழகினாள்.

மறுநாள் ஞாயிறு. டிங்கரிங் கடைக்கு விடுவதற்கு முன்னால் நாமே பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பிளாஸ்டிக் பம்பர் என்றால் சூடு காட்டி உள்ளேயிருந்து தள்ளினால் வந்துவிடும் என்று பக்கத்து வீட்டு மஹ்பூபா போனில் ஒரு வீடியோ காட்டியிருந்தாள். நூம்பலில் அவர்கள் வீட்டு வாசலில் கார் நிற்கும் அளவுக்கு சிமெண்டுத் தரை உண்டு. கன்னியப்பனை நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு சொம்பு வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினாள். பம்பர் அசையவில்லை. இன்னொரு சொம்பு. கீழே குனிந்து கையை விட்டுத் தள்ளப் பார்த்தாள். முழங்கையிலேயே சிக்கிக்கொண்டது.

"அது குளிக்கற தண்ணி," என்றார் கன்னியப்பன். "தளதளன்னு கொதிக்கணும்."

நேற்றிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு. அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய் அடுப்பைப் பெரிதாக்கினாள். மஹ்பூபாவும் தன் வீட்டில் ஒரு பெரிய பாத்திரம் கொதிக்கவைத்து, துணி சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குள் கன்னியப்பன் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்திருந்தார். எப்படி இறங்கினார் என்று அவளுக்குத் தெரியவில்லை. பின் சக்கரத்துக்கும் பம்பருக்கும் நடுவே உள்ள சந்தில் இடது கையை விட்டுப் பார்த்தார். அந்தக் கை இன்னும் தடித்த டிரைவர் கைதான், உள்ளே போகவில்லை. பிறகு மெலிந்த வலது கையைக் கண்ணால் காட்டினார்.

"இத்த எடுத்து உள்ள வுடு."

"வேணாங்க. சூடு பட்டா கூட உங்களுக்குத் தெரியாது."

"நீ வெளியதான ஊத்தப் போற? வுடுமே."

அவள் அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்து, தூங்கும் குழந்தையின் கையைச் சட்டைக்குள் விடுவதுபோல மெதுவாக உள்ளே விட்டாள். தோள்வரை போனது. விரல்களை டொக்கின் பின்பக்கம் படும்படி வைத்தாள். எழுந்து, பம்பர்மேல் மெல்லிசாக வெந்நீரை ஊற்ற ஆரம்பித்தாள். ஆவி அவர் முகத்தில் அடித்தது.

"தள்றேனா இல்லியான்னு எனக்கே தெரியலே. நீ பாத்துச் சொல்லு."

அவர் தோளால்தான் தள்ளினார். உடம்பு முழுவதும் முன்னால் சாய்ந்தது. டொக்கின் ஓரம் லேசாக நெளிந்தது. வருது, வருது என்று அவள் சொல்லிக்கொண்டே ஊற்றினாள். திடீரென்று அவர் தள்ளுவதை நிறுத்தினார்.

"சாமு, சுடுது."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு பாத்திரத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு அவர் கையை இழுக்கப் போனாள்.

"இரு. எடுக்காத." அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "டீ கிளாஸப் புடிச்சா மாரி கீது. நடு வெரல்ல. பக்கத்து வெரல்லயும்."

அவர் முகத்தில் வழிந்தது ஆவியின் ஈரம் மட்டுமல்ல. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கை வைத்துக்கொண்டாள். அவர் இன்னொரு தரம் சாய்ந்து தள்ளினார். டொப்பென்று சத்தம். பம்பர் வெளியே வந்துவிட்டது. இருவரும் அதைப் பார்க்கவில்லை.

கையை வெளியே எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். விரல் நுனிகள் லேசாகச் சிவந்திருந்தன, கொப்புளம் இல்லை. மீதித் தண்ணீரை விளாவி ஒவ்வொரு விரலாக நனைத்துப் பார்த்தார்கள். சுண்டு விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டை விரல் சந்தேகம். ஒருதரம் ஆமாம் என்றார், ஒருதரம் இல்லை என்றார். நடு விரல் நிச்சயம். நாளைக்கு பிசியோதெரபியில் முதல் வேலையாக இதைச் சொல்லவேண்டும் என்றாள். நானே சொல்லிக்கிறேன் என்றார்.

பம்பரில் ஒரு மடிப்பு நின்றுவிட்டது, தூணின் சிமெண்டு உரசிய வெள்ளைக் கோடும். அவர் உட்கார்ந்தபடியே நகர்ந்து, அந்த நடு விரலை இடது கையால் தூக்கிக் கோட்டின்மேல் வைத்தார். சொரசொரப்பு தெரிகிறதா என்று கேட்டாள். தெரியவில்லை என்றார். பிறகு ஈரத் தரையில் வைத்துப் பார்த்தார், சக்கரத்தில் வைத்துப் பார்த்தார், அவள் கன்னத்தில் வைத்தார்.

"இது?" என்றாள்.

"கொஞ்சம்," என்றார். விரலை எடுக்கவில்லை.