கெட்டுப்போன தாள்கள்

1987-இல் மலேசியாவின் கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளி நூலகத்துக்குப் போட்டோஸ்டேட் மிஷின் வந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டு, படம் பிடித்துக்கொண்டு போனார்கள். நூலகப் பொறுப்பாசிரியர், யாழ்ப்பாணத்துக் கனகசபை மட்டும் படத்துக்கு நிற்கவில்லை.

“இனி ஒருத்தரும் எழுத மாட்டினம். பொத்தானை அமத்துவினம்” என்றார்.

சொன்னது பலித்தது. அடுத்த மாதக் கட்டுரையில் நாற்பது மாணவர்களின் தாத்தாவும் ஒரே வெள்ளிக்கிழமை, ஒரே காய்ச்சலில் செத்துப்போனார்கள். கனகசபைக்கு அதில் பாதி துக்கம், பாதி கொண்டாட்டம். ஒரு வரியைக் காட்டினால் போதும், எந்த அலமாரி, எந்தப் புத்தகம், எத்தனையாவது பக்கம் என்று ஐந்து நிமிடத்தில் விரலை வைத்துவிடுவார். அவரிடம் காட்டாமல் எந்தக் கட்டுரையும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டாது.

அந்த வருடம் கிள்ளான் வியாபாரிகள் சிலர் சேர்ந்து கட்டுரைப் போட்டி வைத்தார்கள். வென்றவருக்கு ஆறாம் படிவம் முடிய இரண்டு வருடப் படிப்புச் செலவும் அவர்களுடையது. ஒரு பள்ளிக்கு ஒரு கட்டுரைதான். தமிழாசிரியை சீதாலெட்சுமி எடுத்துவந்தது, ஐந்தாம் படிவத்துச் சந்திரகலா எழுதியது. அப்பா அய்யாவு லோரி ஓட்டுபவர். எஸ்டேட்டை விட்டு மேரு ரோட்டுப் பக்கம் வந்து நான்கு வருடம். ‘ஜெயிச்சா படி, இல்லன்னா அக்காகூட ஃபேக்டரிக்குப் போ’ என்று மகளிடம் முடிவாகச் சொல்லியிருந்தார்.

கட்டுரை அந்த அக்காவைப் பற்றியதுதான். சுங்கை வே ஃபேக்டரியில் எட்டு மணி நேரம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, எலக்ட்ரானிக் சில்லுக்குக் கம்பி ஒட்டும் வேலை. கடைசி வரி இப்படி இருந்தது: ‘அக்கா சாப்பிட உட்காருகிறாள். தட்டில் ஒவ்வொரு பருக்கைக்கும் கம்பிக்கால் முளைத்திருக்கிறது. ஒடித்து ஒடித்துத் தின்கிறாள்.’

கனகசபை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு சந்திரகலாவைக் கூப்பிட்டனுப்பினார்.

“பிள்ளை, உண்மையச் சொல்லும். எதைப் பாத்து எழுதினனீர்?”

“நானேதான் சார் எழுதுனேன்.”

“அப்ப உம்மட பையைத் திறவும்.”

பையில் ஒரு கத்தை போட்டோஸ்டேட் தாள்கள். மை அப்பி, கோணலாக விழுந்து, குப்பைக்கூடைக்குப் போனவை. மிஷின் பக்கத்தில் அவள் தினமும் குனிந்து பொறுக்குவதை அவரே பார்த்திருக்கிறார்.

“இதென்ன?”

“பின்பக்கத்தப் பாருங்க சார்.”

“எனக்குப் பாடம் எடுக்கிறீரோ?” கத்தை மேசை இழுப்பறைக்குள் போயிற்று.

சீதாலெட்சுமி கடிகாரத்தைப் பார்த்தாள். “சார், நாளைக்கு அனுப்பணும்லா. எந்தப் புக்குன்னு சொன்னீங்கன்னா முடிஞ்சிரும்.”

“புத்தகம் பிறகு காட்டுறன். தோட்டத்துப் பிள்ளையின்ர வசனமே இது?”

துணியைத் தொட்டுப் பார்த்து விலை சொல்கிற வியாபாரி உண்டு. வந்தவன் செருப்பைப் பார்த்து விலை சொல்கிறவனும் உண்டு. கனகசபை முப்பது வருடமாகத் தன்னை முதல் ரகம் என்றே நினைத்திருந்தார்.

வேறொரு பையனின் கட்டுரை போயிற்று. பரிசு வரவில்லை.

அவர் தேடினார். அலமாரி அலமாரியாக, மெட்ராஸிலிருந்து வந்த பழைய பத்திரிகைக் கட்டுகள் வரை தேடினார். ஐந்து நிமிடம் ஐந்து மாதமானது. சுங்கை வே ஃபேக்டரியில் ஒரு பெண் பருக்கையை ஒடித்துத் தின்பது மெட்ராஸ்காரனுக்கு எப்படித் தெரியும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மறுவருடம் மார்ச்சில் மிஷின் படுத்துவிட்டது. பழுது என்பதை மலாயில் ‘ரோசாக்’ என்று எழுதி ஒட்ட ஒரு தாள் வேண்டும். இழுப்பறையில் இருந்த கத்தையில் ஒன்றை உருவித் திருப்பினார். எழுத இடமில்லை. பென்சில் எழுத்து. ‘பருக்கைக்குக் கை முளைத்திருக்கிறது’ என்று எழுதி அடித்திருந்தது. அடுத்த தாளில் ‘வால்’. அதற்கடுத்ததில் ‘கால்’. பிறகு ‘கம்பிக்கால்’. பதினேழு தாள்கள், பதினேழு பின்பக்கங்கள். உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தார். அன்று மிஷினில் அறிவிப்பு எதுவும் ஒட்டப்படவில்லை.

மறுநாள் பள்ளி விட்டதும் மேரு ரோட்டுக்குப் போனார். மத்தியான ஷிப்டுக்கு ஃபேக்டரி பஸ் வரும் இடத்தில் ஏழெட்டுப் பெண்கள் நீலச் சட்டையில் நின்றார்கள். கத்தை அவர் தோள்பையில் இருந்தது. சொல்ல வேண்டிய மூன்று வார்த்தையை வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தார்.

சந்திரகலா அவரை இரண்டு முழத் தூரத்தில் கண்ணைச் சுருக்கிப் பார்த்துத்தான் அடையாளம் கண்டாள்.

“சாரா? நல்லா இருக்கீங்களா சார்?”

“இருக்கிறன், பிள்ளை.”

“அந்தப் புக்கு கெடச்சிருச்சா சார்?”

கேலியா, உண்மையாகக் கேட்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. பின்னால் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். பைக்குள் போன கை அங்கேயே நின்றது.

“இன்னும் இல்லை” என்றார் கனகசபை. “தேடுறன்.”

“கெடச்சா சொல்லுங்க சார். நானும் படிச்சிப் பாக்கணும்.”

பஸ் வந்தது. அவள் படியைக் காலால் தடவிப் பார்த்து ஏறினாள்.