தேதி போட்ட அதிரடி

நெய்வேலி நகரியத்தில் மூன்று வருடமாக, 'அதிரடி' என்று வாய்விட்டுச் சொல்பவரின் இடது கன்னத்தில் ஓர் அறை விழுகிறது. அறைகிற கை யாருக்கும் தெரிவதில்லை. ஐந்து விரல் தடம் மட்டும் அரை மணி நேரம் சிவந்திருக்கும். முதலில் வாங்கியவர், ஆட்டோவில் மைக் கட்டி 'அதிரடித் தள்ளுபடி' என்று கூவி வந்த நைட்டி வியாபாரி. அடுத்தவர், அதிரடி ஆய்வுக்கு வரப்போவதாகக் கடைக்காரர்களுக்கெல்லாம் மூன்று நாள் முன்பே சொல்லியனுப்பிய ஓர் அதிகாரி. சென்னையில் உட்கார்ந்து செய்தி வாசிப்பவர்கள் தப்பித்தார்கள். அவ்வளவு தூரம் அது எட்டவில்லை.

மெயின் பஜார் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் செய்யும் எழில்மதிக்கு இதில் ஆச்சரியமே இல்லை. இவ்வளவு காலம் ஏன் விழவில்லை என்றுதான் பட்டது. அவள் தமிழ் எம்.ஏ. எதிரி எதிர்பாராத நேரத்தில் அவன் கதிகலங்க அடிப்பதுதான் அதிரடி. அந்தச் சொல்லைக் காதுகுத்துக்கும் கோழிக்கறிக்கும் மஞ்சள் எழுத்தில் நாளுக்கு இருபது தடவை தட்டித் தட்டி, அது அவளுக்குப் புளித்துப்போயிருந்தது.

எல்லாரையும்விட அதிகமாக அதைப் பேனரில் போடச் சொல்லிக் கடைக்கு வந்தவர் ஒப்பந்தத் தொழிலாளர் சங்கச் செயலாளர் தெய்வசிகாமணி. 'அதிரடி முற்றுகை, வரும் பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு' என்று பேனர் வைப்பார். பத்து மணிக்குப் போலீஸ் வேனோடு காத்திருக்கும். கைது செய்து கல்யாண மண்டபத்தில் வைத்து, சாம்பார் சாதம் போட்டு, போட்டோ எடுத்து, சாயங்காலம் விட்டுவிடுவார்கள். அடுத்த வருடமும் அதே மண்டபம், அதே சாம்பார்.

இந்த வருடம் ஒப்பந்தக்காரர் ஒருவர் முப்பத்தொரு பேரை வேலையை விட்டு நிறுத்தினார். அதில் எழில்மதியின் கணவன் குமரவேலும் ஒருவன். நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கம்மாபுரம் பக்கத்து நிலத்தைக் கொடுத்துவிட்டு, வேலை பர்மனென்ட் ஆகும் என்று பதினான்கு வருடம் கான்ட்ராக்டில் காத்துக் கிடந்தவன். தெய்வசிகாமணி மேடை போட்டார். ஒரே பேச்சில் பதினேழு அறை வாங்கினார். கூட்டம் விரல்விட்டு எண்ணியது. மறுநாளே, டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னதாகப் போராட்டத்தைத் தள்ளிவைத்தார்.

குமரவேல் வீட்டில் சுவரைப் பார்த்தபடி இருந்தான். "தலைவரு அடுத்த மாசம் தேதி சொல்றேன்னாரு எழிலு," என்றான்.

"தேதி சொல்லி அடிக்கப்போற ஆளுக்காக இன்னும் எத்தினி நாளுங்க சுவத்தப் பாத்துகினு இருப்பீங்க?" என்றவள், அன்றைக்கே வேலையிழந்த மற்ற முப்பது பேரின் வீடுகளுக்கும் போனாள். அவர்களுடைய மனைவிமாரிடம் சொன்னது இரண்டே வரி: "பேனர் வேணாங்க. தேதியும் வேணாம்."

ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாம் ஷிப்ட் ஏறுகிற நேரம், முப்பத்தொரு பெண்கள் தனித்தனியாக டவுன் பஸ்ஸில் வந்து, சாப்பாட்டுத் தூக்கோடு சுரங்க கேட்டின் குறுக்கே உட்கார்ந்தார்கள். ஷிப்ட் பஸ்கள் வரிசையாக நின்றன. பதறிப்போன அதிகாரிகள் தெய்வசிகாமணிக்குப் போன் போட்டார்கள். தனக்கு ஒன்றும் தெரியாது என்று, வாழ்க்கையில் முதல்முறையாக, அவர் உண்மை சொன்னார். போலீஸ் வருவதற்குள் கேட்டின் இரண்டு பக்கமும் ஆயிரம் பேர் நின்றார்கள். நான்கரை மணிக்கு ஒப்பந்தக்காரர் வியர்த்து விறுவிறுத்து வந்து, முப்பத்தொரு பேரையும் திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார். பர்மனென்ட் பற்றி மட்டும் அவர் வாயே திறக்கவில்லை. குமரவேல் மறுநாள் முதல் ஷிப்டுக்குப் போனான். போகும்போது எழில்மதியின் வண்டிக்குக் காற்று அடித்து வைத்துவிட்டுப் போனான்.

அந்த வாரமே தெய்வசிகாமணி கடைக்கு வந்தார். "ஏம்மா, நம்ம சங்கத்தோட வெற்றிக்கு ஒரு பேனர் வேணும்," என்றவர், மேலே சொல்லாமல் ஒரு தாளில் எழுதி நீட்டினார்.

எழில்மதி வாங்கி உரக்கப் படித்தாள். "'அதிரடி வெற்றி.' இதுதானுங்களா அண்ணே?"

இருவரும் காத்திருந்தார்கள். அவள் கன்னத்தில் எதுவும் விழவில்லை.

"உனக்கு மட்டும் ஏம்மா விழல?"

"நாங்க தேதி சொல்லாம அடிச்சோங்க அண்ணே."

அவர் தன் படத்தை நடுவில் பெரிதாகப் போடச் சொன்னார். அவள் கம்ப்யூட்டரில் தட்ட ஆரம்பித்தாள். அவருக்குப் பின்னால் நின்ற செல்போன் கடைக்காரர், வாயைத் திறக்காமல், 'அதிரடித் தள்ளுபடி' என்று எழுதிக்கொண்டு வந்த தாளை நீட்டினார்.